பதினான்காம் லூயி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியைத் தெரியும். அவருடைய பாட்டனார் பதினைந்தாம் லூயி. அந்தப் பாட்டனாருக்கே கொள்ளுத்தாத்தா பதினான்காம் லூயி. உலகத்திலேயே அதிக காலம் அரியணையில் இருந்தவர் என்றால் இன்றும் முதலில் வருவது இவர் பெயர்தான். இவரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

சரியாக எத்தனை ஆண்டுகள் ஆண்டார்?

1643 மே 14 முதல் 1715 செப்டம்பர் 1 வரை: 72 ஆண்டுகள், 110 நாட்கள். பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் 70 ஆண்டுகள் 214 நாட்கள் இருந்தார். தாய்லாந்தின் பூமிபோல் 70 ஆண்டுகள் 126 நாட்கள். ஸ்வாசிலாந்தின் இரண்டாம் சோபுசா 82 ஆண்டுகள் இருந்தார் என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி அவர் நாடு பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. தனி நாட்டின் மன்னராக, தேதி உறுதியாகத் தெரிந்தவர்களில் லூயிதான் முதலிடம்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த 72 ஆண்டுகளும் ஒரே ஆட்சி இல்லை. முதல் 18 ஆண்டுகள் அம்மாவும் ஒரு கர்தினாலும் (கத்தோலிக்க உயர்குரு) ஆண்டார்கள். அடுத்த 25 ஆண்டுகள்தான் படங்களில் பார்க்கும் பளபளப்பு. கடைசி ஏறக்குறைய 30 ஆண்டுகள் கடன், பஞ்சம், போர், சாவு. 1685 வாக்கில் இறந்திருந்தால் இவர் பெயர் இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நாலு வயதுப் பிள்ளை எப்படி நாட்டை ஆள முடியும்?

ஆளவில்லை. லூயி 1638 செப்டம்பர் 5 அன்று சான் ஜெர்மான் ஆன் லே அரண்மனையில் பிறந்தார். பெற்றோர் பதின்மூன்றாம் லூயியும் ஸ்பெயின் இளவரசி ஆனும். கல்யாணமாகி 23 வருடம் பிள்ளை தங்காமல் இருந்து பிறந்த குழந்தை என்பதால் 'கடவுள் கொடுத்த' லூயி என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் பிலிப் என்று ஒரு தம்பி. அப்பா இறந்தபோது லூயிக்கு ஐந்து வயது நிறையவில்லை. அம்மா ஆன் பொறுப்பு அரசியானார். ஆட்சியை நடத்தியவர் இத்தாலியில் பிறந்த கர்தினால் மசாரன்.

இந்தச் சிறுவயதில் நடந்த ஒரு கலகத்தை விட்டுவிட்டால் இவருடைய பிற்கால நடவடிக்கை எதுவும் புரியாது. 1648 முதல் 1653 வரை, வரிச்சுமையையும் மசாரனையும் எதிர்த்து முதலில் பாரிஸ் நீதிமன்றத்தார், அப்புறம் பெரிய பிரபுக்கள், சொந்த உறவினர்கள் வரை கிளம்பினார்கள். ஃபிரோந்து என்று அந்தக் கலகத்துக்குப் பெயர். 1649 ஜனவரியில் அரச குடும்பம் நடுராத்திரி பாரிஸை விட்டு ஓடிப்போய் சான் ஜெர்மானில் தங்கியது. அதே மாதம் இங்கிலாந்தில் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். அவர் லூயியின் சொந்த அத்தையின் கணவர்.

1651 பிப்ரவரியில் இன்னொரு இரவு. ராஜாவை மறுபடியும் கடத்திக்கொண்டு போகப் போகிறார்கள் என்று வதந்தி. பாரிஸ் மக்கள் அரண்மனைக் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்துவிட்டார்கள். ராணி ஆன் அவர்களைப் படுக்கையறைக்கே கூட்டிப்போய்த் திரையை விலக்கிக் காட்டினார். 12 வயது லூயி போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடித்துக் கிடந்தார். தெருவில் போகிறவர்கள் வரிசையாக வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாரிஸையும் பிரபுக்களையும் இவர் வாழ்நாள் முழுக்க நம்பாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எப்போது தானே ஆளத் தொடங்கினார்?

13 வயதில் பருவம் அடைந்தவராக அறிவித்தார்கள். 1654 ஜூன் 7 அன்று ரெய்ம்ஸ் பேராலயத்தில் முடிசூட்டினார்கள். இரண்டுமே பேருக்குத்தான். 1661 மார்ச் 9 அன்று மசாரன் இறந்தார். மறுநாளே மந்திரிகளைக் கூப்பிட்டு, இனி முதல் மந்திரி என்று யாரும் கிடையாது, என் உத்தரவில்லாமல் ஒரு தாளிலும் முத்திரை விழக்கூடாது என்றார் 22 வயது ராஜா. இளம் ராஜாவின் ஆர்வம், ஆறு மாதத்தில் வேட்டைக்கும் நாட்டியத்துக்கும் போய்விடுவார் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவர் 54 வருடம் அதே வழக்கத்தை விடவில்லை.

பேச்சு வெறும் பேச்சில்லை என்று காட்ட ஓர் ஆள் கிடைத்தார். நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கே. அவர் வோ லெ விகோம்த் என்ற இடத்தில் ராஜாவுக்கே இல்லாத மாதிரி மாளிகையும் தோட்டமும் கட்டி, 1661 ஆகஸ்ட் 17 அன்று லூயியை அழைத்து விருந்து வைத்தார். நாடகம், வாணவேடிக்கை, எல்லாம் பிரமாதம். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, நான்த் நகரில் ஃபூக்கே கைதானார். கைது செய்த படைத்தலைவர் தார்த்தாஞான். 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையில் வரும் வீரரின் நிஜ வடிவம் இவர்தான். நீதிபதிகள் நாடுகடத்தல் போதும் என்றார்கள். ராஜா அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். தண்டனையைக் குறைக்கத்தான் ராஜாவுக்கு அதிகாரம் என்பது வழக்கம். இவர் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஃபூக்கே 1680இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய கட்டடக் கலைஞர் லெ வோ, தோட்டக் கலைஞர் லெ நோத்ர், ஓவியர் லெ ப்ரன் மூவரும் ராஜாவின் வேலைக்குப் போய்விட்டார்கள்.

'நானே அரசு' என்று சொன்னாரா?

சொன்னதற்கு ஆதாரம் இல்லை. பிற்காலத்தில் கட்டிவிட்டது. மரணப் படுக்கையில் இவர் சொன்னதாக அரண்மனைக் குறிப்பில் இருப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர்: 'நான் போகிறேன், அரசு என்றும் இருக்கும்.'

'சூரிய மன்னர்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது?

நாட்டிய மேடையிலிருந்து. 1653இல், 14 வயதில், இரவு முழுக்க நடந்த ஒரு பாலே நிகழ்ச்சியின் முடிவில் லூயி உதிக்கும் சூரியனாகத் தங்க உடையில் வந்து ஆடினார். கலகம் அடங்கிய வருடம் அது. இருள் போய் வெளிச்சம் வந்தது யாருக்குப் புரிய வேண்டுமோ, அந்தப் பிரபுக்களும் அதே மேடையில் கூட ஆடினார்கள். அப்புறம் சூரியனையே தன் சின்னமாக்கிக்கொண்டார்.

நாட்டியம் இவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. பல வருடம் தினமும் பயிற்சி செய்தவர். 1661இல் நாட்டியத்துக்கென்று ஒரு கழகமே ஏற்படுத்தினார். 1701இல் ரிகோ வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், 63 வயதிலும் சிவப்புக் குதிகால் செருப்போடு காலை நீட்டி நிற்பதைப் பார்த்தால், ஆடின கால் என்று தெரியும்.

வெர்சாய் அரண்மனையை ஏன் கட்டினார்? வெறும் ஆடம்பரமா?

ஆடம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் கணக்கு இருந்தது.

வெர்சாய் முதலில் அவர் அப்பா கட்டிய சிறிய வேட்டை மாளிகை. பாரிஸிலிருந்து தள்ளி, சதுப்பும் காடுமாக இருந்த இடம். 1661 முதல் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போய், 1682 மே 6 அன்று அரசவையையும் அரசாங்கத்தையும் அங்கேயே மாற்றிவிட்டார். 1680களின் நடுவில் ஒரு கட்டத்தில் 30,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். பெரிய கண்ணாடி செய்யும் வித்தை அன்று வெனிஸ்காரர்களின் ரகசியம். அங்கிருந்து தொழிலாளர்களை ஆசை காட்டி வரவழைத்து, பிரான்ஸிலேயே தொழிற்சாலை வைத்துச் செய்தார்கள்.

தண்ணீர்தான் தீராத தலைவலி. ஆயிரக்கணக்கில் நீரூற்று வைத்துவிட்டார்கள். அருகில் பெரிய ஆறு கிடையாது. 1684இல் மார்லி என்ற இடத்தில் 14 பெரிய சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தை வைத்து சேன் நதித் தண்ணீரை மேட்டில் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. அதனால் ராஜா தோட்டத்தில் நடக்கும்போது ஊற்றுப் பணியாளர்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர் வரும் பக்கத்து ஊற்று பீறிடும். தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள்.

கணக்கு என்றேனே, அது இதுதான். மாகாணத்தில் கோட்டையும் ஆளும் வைத்துக்கொண்டு கலகம் செய்யக்கூடிய பிரபுவை, கண்ணெதிரே ஓர் அறையில் குடிவைத்துவிட்டால் அவன் என்ன செய்வான்? சட்டையை யார் எடுத்துக் கொடுப்பது என்று சண்டை போடுவான்.

நிஜமாகவே சட்டை கொடுக்கப் போட்டியா?

நிஜம். காலை எட்டு, எட்டரைக்குத் தலைமைப் பணியாள் வந்து எழுப்புவார். மருத்துவர் வருவார். அப்புறம் தகுதி வாரியாக, கும்பல் கும்பலாக ஆட்கள் உள்ளே வருவார்கள். யார் முதல் கும்பல், யார் மூன்றாவது கும்பல் என்பதற்கு விதி உண்டு. அங்கே இருப்பவர்களில் உயர்ந்த அந்தஸ்து உள்ளவர் ராஜாவிடம் சட்டையை நீட்டுவார். ராத்திரி படுக்கப் போகும்போது ஒருவரைப் பேர் சொல்லி மெழுகுவத்தித் தண்டைப் பிடிக்கச் சொல்வார். சில நிமிட வேலை. அதற்காக ஆயுசு முழுக்கக் காத்திருந்தவர்கள் உண்டு. ராணியின் முன்னால் முக்காலியில் உட்காரும் உரிமை டச்சஸ் அந்தஸ்துப் பெண்களுக்கு மட்டும். மற்றவர்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ராஜா ஒரு பார்வையில் குறித்துக்கொள்வார். அரசவைக்கு வராத பிரபு பற்றி யாராவது சலுகை கேட்டால், 'அவரை நான் பார்ப்பதே இல்லையே' என்பார். கதை முடிந்தது.

வாழ்நாளில் இரண்டு முறைதான் குளித்தாராமே?

இணையத்தில் சுற்றும் கதை. வெர்சாயில் இவர் கட்டிய குளியல் அறைத் தொகுதியே இருந்தது. ஆற்றில் நீந்தவும் செய்வார். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் பழக்கம் அன்றைய பிரான்ஸில் யாருக்கும் கிடையாது. நீர் உடம்புக்குள் நோயைக் கொண்டுபோகும் என்று மருத்துவர்களே பயமுறுத்தினார்கள். வாசனைச் சாராயம் தோய்த்த துணியால் துடைப்பார்கள், ஒரு நாளில் பல முறை சட்டை மாற்றுவார்கள். அதுதான் அவர்கள் சுத்தம். வயதான பிறகு ஆரஞ்சுப் பூ வாசனை தவிர வேறு எந்த அத்தரும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

குடியானவர்களிடமிருந்து. பிரான்ஸில் அன்று சுமார் 2 கோடி பேர். ஐரோப்பாவிலேயே மக்கள்தொகை மிகுந்த நாடு. தய் என்ற முக்கிய நேர்முக வரியைப் பிரபுக்களும் மதகுருமாரும் பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. உப்புக்குத் தனி வரி. சில மாகாணங்களில், தேவையோ இல்லையோ, குறைந்தபட்ச அளவு உப்பை அரசு விலையில் வாங்கியே ஆக வேண்டும்.

இந்தக் கட்டமைப்புக்குள் இருந்துகொண்டே கொஞ்சம் ஒழுங்கு செய்தவர் ழான் பத்தீஸ்த் கொல்பேர், துணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கணக்குப் புத்தகத்தைச் சீராக்கினார், வரி வசூலில் நடுவில் தின்றவர்களைப் பிடித்தார், இறக்குமதிக்கு வரியை ஏற்றி உள்நாட்டில் கண்ணாடி, திரைச்சீலை, பட்டு செய்ய வைத்தார், கப்பற்படை கட்டினார். அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் மிதி கால்வாய், சுமார் 240 கிலோமீட்டர், இவர் காலத்தில் 1666இல் தொடங்கி 1681இல் திறந்தது. அறிவியல் கழகம், பாரிஸ் வானாய்வகம் ஆகியவையும் அப்போதுதான். கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கான கொடிய சட்டத் தொகுப்பும் இவர் தொடங்கிவைத்த வேலைதான். அவர் இறந்தபின் 1685இல் வெளியானது.

கொல்பேர் சேர்த்ததைப் போர் மந்திரி லூவ்வா செலவழித்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

எத்தனை போர்கள்? ஜெயித்தாரா?

பெரியவை நான்கு. 1667–68இல் ஸ்பானிய நெதர்லாந்துக்காக, 1672–78இல் டச்சுக்காரர்களோடு, 1688–97இல் கிட்டத்தட்ட ஐரோப்பா முழுவதோடும், 1701–14இல் ஸ்பெயின் அரியணைக்காக. முதல் இரண்டில் நிலம் கிடைத்தது. மூன்றாவதில் ஸ்ட்ராஸ்பூர்கைத் தவிரப் பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுத்தார். நான்காவதில் நாடே திவாலாகிற நிலை.

1672இல் ஆம்ஸ்டர்டாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, டச்சுக்காரர்கள் மதகுகளைத் திறந்து தங்கள் நிலத்தையே மூழ்கடித்துப் படையை நிறுத்தினார்கள். 1689இல் பிரெஞ்சுப் படை ரைன் வட்டாரத்தில் ஹைடல்பெர்க், மான்ஹைம் போன்ற நகரங்களைத் திட்டமிட்டு எரித்தது. எதிரிக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்பது காரணம். ஜெர்மானியர்கள் அதைத் தலைமுறைகளுக்கு மறக்கவில்லை.

1700இல் ஸ்பெயின் மன்னர் வாரிசில்லாமல் இறந்து, லூயியின் பேரன் பிலிப்புக்கு நாட்டை எழுதிவைத்தார். ஏற்றால் போர் நிச்சயம். மறுத்தால் ஆஸ்திரியாவுக்குப் போகும். ஏற்றார். பிளென்ஹைமிலும் ரமிலியிலும் தோற்றார். 1709இல் சமாதானம் கேட்டபோது எதிரிகள், உன் பேரனை நீயே படை அனுப்பித் துரத்து என்றார்கள். போர்தான் செய்ய வேண்டுமென்றால் பிள்ளைகளோடு செய்வதைவிட எதிரிகளோடு செய்கிறேன் என்று மறுத்தார். கடைசியில் பேரன் ஸ்பெயினின் மன்னராகவே நிலைத்தார். பிரான்ஸும் ஸ்பெயினும் ஒரே தலையின் கீழ் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

எல்லைக் கோட்டைகளைப் பொறியாளர் வோபான் கட்டினார். நட்சத்திர வடிவிலான அந்தக் கோட்டைகளில் 12 இடங்கள் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

புதுச்சேரிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடி சம்பந்தம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1664இல் கொல்பேர் இவர் பெயரால் தொடங்கினார். வியாபாரிகள் தயங்கியதால் மூலதனத்தில் ராஜாவே பெரும்பங்கு போட்டார். 1668இல் சூரத்தில் முதல் கிடங்கு.

1672இல், ஐரோப்பாவில் டச்சுப் போர் நடந்த அதே வருடம், தெ லா ஹே என்பவர் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை கோல்கொண்டா வசமிருந்த சாந்தோமைப் பிடித்தது. நம் மயிலாப்பூர் சாந்தோம்தான். கோல்கொண்டா படை தரையிலும் டச்சுக் கப்பல்கள் கடலிலும் சூழ்ந்துகொள்ள, உள்ளே சோறில்லாமல் தவித்தார்கள். தெற்கே உணவும் உதவியும் தேடிப் போன பெலாஞ்செர் தெ லெஸ்பினே என்பவருக்கு, பீஜப்பூர் சார்பில் வாலிகொண்டாபுரத்தை ஆண்ட ஷேர்கான் லோடி ஒரு கடற்கரைக் கிராமத்தைக் கொடுத்தார். அதுதான் புதுச்சேரி. 1674இல் சாந்தோம் கையைவிட்டுப் போனது. பிரான்சுவா மார்த்தேன் சில பத்து ஆட்களோடு புதுச்சேரியில் காலூன்றினார்.

1693இல் டச்சுக்காரர்கள் அதையும் பிடித்தார்கள். 1697 ரிஸ்விக் உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்தது. மார்த்தேன் வந்து ஐந்து மூலையோடு ஒரு கோட்டையைக் கட்டி முடித்து, 1706இல் அதற்கு லூயியின் பெயரையே வைத்தார். இன்று பாரதி பூங்கா இருக்கும் வட்டாரத்தில் அது இருந்தது. 1761இல் ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். வெர்சாயில் இருந்த ராஜா இந்த ஊரைப் பற்றி அதிகம் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை ஏன் விரட்டினார்?

ஒரே ராஜா, ஒரே மதம் என்ற பிடிவாதம். இவருடைய தாத்தா நான்காம் ஹென்றி 1598இல் நான்த் ஆணையின் மூலம் ஹியூகனாட்டுகள் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்தார். லூயி முதலில் பதவி, தொழில் என்று ஒவ்வொன்றாக அடைத்தார். அப்புறம் அவர்கள் வீட்டில் குதிரைப்படையினரைக் குடிவைத்தார். மதம் மாறும்வரை அந்தச் சிப்பாய்கள் தின்று, உடைத்து, அடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பார்கள். ஊர் ஊராக மாறினார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து, புராட்டஸ்டன்டுகளே இல்லாத நாட்டுக்கு ஆணை எதற்கு என்று 1685 அக்டோபரில் ரத்து செய்தார்.

போதகர்களுக்கு நாட்டை விட்டுப் போக இரண்டு வாரக் கெடு. மற்றவர்கள் போகக்கூடாது, பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பலில் கைதி. அப்படியும் சுமார் 2 லட்சம் பேர் தப்பி நெதர்லாந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க், தென்னாப்பிரிக்கா வரை போனார்கள். நெசவாளர், கடிகாரக்காரர், படை அதிகாரிகள் எல்லாம் எதிரி நாட்டுக்குச் சொத்தானார்கள். வோபான் போன்ற ராஜாவின் ஆளே இது தப்பு என்று எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை. இவர் ஆட்சியில் செய்த மிகப் பெரிய தவறு எது என்றால் போர்களைவிட இதைத்தான் சொல்வேன். போருக்காவது எதிரி இருந்தான்.

மனைவி யார்? காதலிகள் எத்தனை பேர்?

1660இல் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவை மணந்தார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இரட்டை முறைப்பெண்: தாய்மாமன் மகளும் அவரே, அத்தை மகளும் அவரே. ஆறு பிள்ளைகள் பிறந்து ஒரே மகன்தான் பிழைத்து வளர்ந்தான்.

காதலிகளில் மூவர் முக்கியம். லூயிஸ் தெ லா வல்லியேர் 1674இல் கன்னிமடத்துக்குப் போய்விட்டார். அடுத்தவர் மோந்தஸ்பான் சீமாட்டி. அவருக்குப் பிறந்த பிள்ளைகளை ராஜா சட்டப்படி தன் பிள்ளைகளாக்கினார். 1679இல் பாரிஸில் விஷம் விற்றவர்கள், மாந்திரீகம் செய்தவர்கள் மீது பெரிய விசாரணை நடந்தபோது மோந்தஸ்பான் பெயரும் வாக்குமூலங்களில் வந்தது. அந்தத் தாள்களை மட்டும் ராஜா தனியே வாங்கிப் பூட்டி வைத்து, 30 வருடம் கழித்து நெருப்பில் போட்டார். காவல் அதிகாரி லா ரேனி தன் கைப்பட எடுத்த குறிப்புகள் தப்பியதால்தான் நமக்கு விஷயம் தெரிகிறது.

மூன்றாமவர் மெந்தநோன் சீமாட்டி. ஏழைக் கவிஞர் ஒருவரின் விதவை. மோந்தஸ்பானின் பிள்ளைகளை வளர்க்க வந்தவர். 1683இல் ராணி இறந்த சில மாதங்களில் ராஜா இவரை ரகசியமாக மணந்தார் என்பதே பெரும்பாலோர் ஏற்பது. பட்டத்து ராணி ஆக்கவில்லை. மந்திரிகள் வேலை பார்க்கும்போது அதே அறையின் ஓரத்தில் உட்கார்ந்து இவர் தையல் போடுவார். ஏழைப் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்காக சான் சீரில் பள்ளி நடத்தினார்.

ஓர் அறுவை சிகிச்சை பற்றிச் சொல்கிறார்களே?

1686இல் பௌத்திரம் வந்து மாதக்கணக்கில் உட்கார முடியாமல் அவதிப்பட்டார். அரண்மனை அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் இதைச் செய்ததே இல்லை. பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் இருந்த ஏழை நோயாளிகள் மீது மாதக்கணக்கில் செய்து பழகி, அதற்கென்று வளைந்த கத்தி ஒன்றும் வடிவமைத்தார். நவம்பர் 18 காலையில், மயக்க மருந்து என்று எதுவும் இல்லாத காலத்தில், ராஜாவுக்குச் செய்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. அன்று மாலையே மந்திரிசபையையும் நடத்தினார். கத்தி இன்னும் பாரிஸ் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழகிப் பார்க்கப்பட்ட அந்த ஏழைகளின் பெயர் எங்கேயும் இல்லை.

அதற்கு முந்தைய வருடம் பல் பிடுங்கும்போது மேலண்ணமும் பெயர்ந்து வந்துவிட்டது. குடித்தால் மூக்கு வழியாக வரும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பல முறை சுட்டு அடைத்தார்கள்.

இரும்பு முகமூடி மனிதன் இவர் அண்ணனா?

இல்லை. முகமூடிக் கைதி ஒருவர் இருந்தது உண்மை: 1669இல் யூஸ்தாஷ் தோழே என்ற பெயரில் பிடிக்கப்பட்டு, 1703இல் பாஸ்டீல் சிறையில் இறந்தார். முகமூடி இரும்பு இல்லை, கறுப்பு வெல்வெட் துணி. ஒரு பணியாளாக இருந்திருக்கலாம் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. ராஜாவின் அண்ணன், இரட்டையன் என்பதெல்லாம் பிறகு சேர்ந்த சரக்கு.

மக்கள் நிலைமை எப்படி இருந்தது?

1693–94இல் மழை கெட்டு விளைச்சல் போனது. போரும் வரியும் சேர, சுமார் 13 லட்சம் பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. 1709 ஜனவரியில் திடீரென்று உறைபனி. நதிகள் உறைந்தன, மண்ணில் இருந்த கோதுமை கருகியது, ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின. வெர்சாயிலேயே மேசையில் ஒயின் உறைந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமுமாக இன்னும் ஆறு லட்சம் சாவு.

ராஜா தன் தங்கத் தட்டுகளை உருக்க அனுப்பினார். வெள்ளி மேசை நாற்காலிகள் இருபது வருடம் முன்னமே போரில் உருகிவிட்டன. அந்த ஜூனில் ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, எதற்காகச் சமாதான நிபந்தனைகளை மறுத்தேன் என்று ஊர் ஊராகப் படிக்கச் செய்தார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்த ராஜா, மக்களுக்கு விளக்கம் சொன்னார். அதைக் கேட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. பட்டாளத்தில் ரொட்டி கிடைக்கும் என்பதும் உண்மை.

வாரிசுக்கு என்ன ஆயிற்று?

இவர் அதிக காலம் வாழ்ந்ததன் விலை இங்கேதான். 1711 ஏப்ரலில் ஒரே மகன் பெரியம்மையில் போனார். 1712 பிப்ரவரியில் தட்டம்மை. முதலில் பேரன் மனைவி மரி அதெலயித். கிழவரை அதட்டிப் பேசக்கூடிய ஒரே ஆள், அவர் செல்லம். ஆறாம் நாள் பேரன். மார்ச்சில் அவர்களுடைய ஐந்து வயது மூத்த மகன். இரண்டு வயது இளையவனுக்கும் காய்ச்சல். வளர்ப்புப் பொறுப்பில் இருந்த வான்ததூர் சீமாட்டி, மருத்துவர்கள் ரத்தம் இறக்க வந்தபோது கதவைத் தாழிட்டு, பிள்ளையைத் தொடவே விடவில்லை. அவன் பிழைத்தான். பதினைந்தாம் லூயி அவன்தான்.

எப்படி இறந்தார்?

1715 ஆகஸ்டில் இடது காலில் வலி. தலைமை மருத்துவர் ஃபாகோன் நரம்பு வலி என்றார். அது அழுகல் நோய். கால் கறுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். 26ஆம் தேதி ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனைப் படுக்கைக்குக் கூப்பிட்டு, கட்டடம் கட்டும் ஆசையிலும் போர் ஆசையிலும் என்னைப் பின்பற்றாதே, மக்களின் சுமையைக் குறை என்றார். அழுத பணியாட்களிடம், 'ஏன் அழுகிறீர்கள், நான் சாகாதவன் என்று நினைத்தீர்களா?' என்று கேட்டார். செப்டம்பர் 1 காலை எட்டே காலுக்கு உயிர் போனது. 77 வயதுக்கு நான்கு நாள் குறைவு.

மறுநாளே பாரிஸ் நீதிமன்றம் அவருடைய உயிலை ஒதுக்கிவிட்டு, தம்பி மகன் ஓர்லேயான் கோமகனுக்கு முழுப் பொறுப்பையும் கொடுத்தது. சவ ஊர்வலம் சான் தெனிக்குப் போன வழியில் மக்கள் குடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் வேடிக்கை பார்த்தார்கள்.

இவரால்தான் பிரெஞ்சுப் புரட்சி வந்ததா?

74 வருடம் கழித்து நடந்ததை இவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. இவருக்குப் பின் வந்தவர்கள் திருத்த நிறைய நேரம் இருந்தது. ஆனால் இவர் விட்டுப் போனது சுமார் 200 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கடன், பிரபுக்கள் சரியாக வரி கட்டாத அமைப்பு, ஒரே மனிதர் தினமும் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் ஓடும் அரசாங்கம். இவர் தினமும் உட்கார்ந்தார். அடுத்த இருவருக்கும் அது முடியவில்லை.

கல்லறை எங்கே? வம்சம் இருக்கிறதா?

சான் தெனி பேராலயத்தில் புதைத்தார்கள். 1793 அக்டோபரில் புரட்சிக்காரர்கள் அரச கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். 1817இல் அவற்றை எடுத்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல், அதே ஆலயத்தின் நிலவறையில் மொத்தமாக வைத்தார்கள். வம்சம் ஸ்பெயினில் இருக்கிறது: இன்றைய மன்னர் ஆறாம் ஃபெலிப்பே, லூயி போரிட்டு அரியணையில் வைத்த அந்தப் பேரனின் வழி.

வெர்சாய் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது?

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். இது தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. நீரூற்றுகள் இன்றும் எப்போதும் ஓடாது. வசந்த காலம் முதல் இலையுதிர் காலம் வரை, பெரும்பாலும் வார இறுதிகளில், குறித்த நேரத்தில் திறப்பார்கள். அதற்குத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட்.